நடீன் கேட்ட ரிவால்வர்

டாக்கெட், வயோமிங்
9 அக்டோபர் 1996

அன்புத் தோழி நடீனுக்கு,

ட்வைலா எழுதுவது. நான் நலம். வீட்டில் ஓடெலுக்கு வலது முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது, மற்றபடி நலம். காற்று போன வாரம் சர்ச் கூரையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பள்ளி மைதானத்தில் போட்டது. வேட்டைக் காலம் தொடங்கிவிட்டதால் எங்கள் துப்பாக்கிக் கடையில் நிற்க இடமில்லை. வருகிறவர்கள் எல்லாரும் போன வருடம் தப்பிப்போன மானைப் பற்றியே பேசுகிறார்கள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஐந்து மாதம் கழித்து உன் கையெழுத்து. கோட்டைக்கூடக் கழற்றாமல் அஞ்சல் பெட்டி பக்கத்திலேயே நின்று பிரித்தேன். ஒரே தாள். ஏழு வரி. முதல் வரியில் என் சுகம் கேட்டிருக்கிறாய். மீதி ஆறு வரியும் ரிவால்வர். கைப்பையிலோ சட்டைக்குள்ளோ வைத்துக்கொள்கிற மாதிரி குட்டை மூக்கு ரிவால்வர் ஒன்று வேண்டும், எது நல்லது, உன் கடையிலிருந்து அனுப்ப முடியுமா என்று. உன் மெர்ல் இறந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன்னைப் பற்றியும் இல்லை.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்ப முடியாது. ஒரு மாநிலத்துக் கைத்துப்பாக்கியை இன்னொரு மாநிலத்தில் இருப்பவரிடம் நேராகக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நீ நெவாடாவில்தான் வாங்க வேண்டும். அதைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள உங்கள் ஷெரிஃப் அலுவலகத்தில் அனுமதி அட்டையும் வாங்க வேண்டும்.

எது நல்லது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அழகு நிலையம் வைத்திருக்கிற லர்லீனை உனக்கு நினைவிருக்கும். உன் தலைமுடியை ஒருமுறை ஆரஞ்சு நிறமாக்கினவள். கோடையில் ஒருத்தன் மூன்று நாள் அவள் கார் பின்னாலேயே வந்திருக்கிறான். பயந்துபோய்க் கடைக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதிலேயே இலேசானதைக் கேட்டாள். அலுமினிய உடம்பு, உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதே தெரியாது. ஓடெல் கடைக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு குண்டு சுட்டாள். சத்தத்தைவிட அவள் போட்ட கூச்சல்தான் பெரிது. "ஐயோ, என் கை போச்சு! இதுல சுட்டா அவனுக்கு முன்னாடி நான் செத்துருவேன் போலருக்கே!" என்று உதறிக்கொண்டே திரும்பினாள்.

ஓடெல் அவளிடம் சொன்னார்: "தூக்கிட்டுத் திரியறதுக்கு இலேசு நல்லாத்தான் இருக்கும். ஆனா சுடும்போது அந்த உதை முழுக்க உன் கைக்குத்தான் வரும். கனமான இரும்பா இருந்தா உதையில பாதிய அதுவே வாங்கிக்கும்."

அவள் விடவில்லை. மூன்று நாள் வந்தாள். குண்டைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன என்று கேட்டாள். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டும், அதனால் சுத்தியல் உள்ளேயே மூடியிருக்கிற வகைதான் மறைத்து வைக்க ஏற்றது என்று சொன்னேன். ஐந்து குண்டுதானா, ஆறு கிடையாதா என்றாள். ஆறு என்றால் குண்டு போடுகிற உருளை தடிக்கும், சட்டைக்கு மேல் புடைப்புத் தெரியும் என்றேன். விசையை இழுக்கவே விரல் வலிக்கிறதே என்றாள். அது அப்படித்தான். சுத்தியல் மூடிய வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் முழு நீளத்துக்கு அழுத்தி இழுக்க வேண்டும். கைப்பிடி சின்னதாக இருக்கிறது, சுண்டுவிரலுக்கு இடமில்லை என்றாள். அதற்கு வேறு ரப்பர் பிடி மாற்றிக் கொடுத்தோம். குழல் இரண்டு அங்குலம்தான், அதனால் தூரத்துக்குக் குறி தப்பும், ஓர் அறைக்குள் நடக்கிற சண்டைக்குத்தான் இது ஆகும் என்றும் சொன்னேன். கடைசியில் இரும்பு உடம்பு உள்ளதையே எடுத்தாள். பையில் மற்றச் சாமான்களோடு போடாதே, விசையை மூடுகிற தோல் உறை இல்லாமல் வைத்துக்கொள்ளவே கூடாது என்று ஓடெல் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினார். வாரம் ஒருமுறை இன்னும் மண்மேட்டுக்கு வந்து சுடுகிறாள். போன வாரம் ஐந்தில் நான்கு பட்டது. "இனிமே எவனாவது பின்னாடி வரட்டும், ஓசியிலயே முடி வெட்டி விடறேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஆக, உனக்கும் இரும்பு உடம்பு, மூடிய சுத்தியல், முப்பத்தெட்டு ரகக் குண்டு, பெரிய பிடி, நல்ல தோல் உறை. யாருக்காவது பயந்து நீ கேட்டிருந்தால் இவ்வளவும் உனக்கு வேண்டும். அதனால்தான் விவரமாக எழுதினேன்.

ஆனால் நடீன், லர்லீன் மூன்று நாளில் என்னிடம் இருநூறு கேள்வி கேட்டாள். அவளைப் பின்தொடர்ந்தவன் யார், என்ன கார், என்ன நிறம், எல்லாம் சொன்னாள். நீ ஆறு வரி எழுதியிருக்கிறாய். யாரைக் கண்டு பயம் என்று அதில் இல்லை.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் பிப்ரவரி. ஓடெல் பல் பிடுங்கப் போயிருந்தார், கடையில் நான் மட்டும். பிற்பகல் ஒரு மனிதர் வந்தார். பெயர் எழுத மனமில்லை. அவர் மனைவி இன்னும் இதே ஊரில் இருக்கிறாள். நமக்குத் தெரிந்தவர்தான். அவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீயும் நானும் பள்ளிச் சமையலறையில் தட்டு நிரப்பியிருக்கிறோம்.

கண்ணாடிக்கு மேல் விரலை வைத்து, "அந்தச் சின்னத எடுங்க" என்றார். நான் வழக்கம்போல எடை, பிடி, விசை என்று ஆரம்பித்தேன். "எதுன்னாலும் சரிங்க" என்றார். கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எடுக்கவில்லை. உறை வேண்டுமா என்றேன். "வேண்டாங்க." குண்டு எத்தனை பெட்டி என்றேன். "இருக்கறதுலயே சின்னப் பெட்டி." படிவத்தை நிரப்பினார். ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்றதும் தலையை ஆட்டினார். ஐந்தாம் நாள் காலை நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ட்வைலா, காத்து இன்னிக்குக் கொஞ்சம் அடங்கியிருக்குல்ல" என்றார். போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஷெரிஃபின் ஆள் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து நின்றான். அதில் துப்பாக்கி எண் எழுதியிருந்தது. எங்கள் விற்பனைப் புத்தகத்தில் என் கையெழுத்துக்கு நேராக அதே எண். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அவர் மட்டும்தான் என்றான். அதை எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னான்.

ஏப்ரலில் அவர் மனைவி கடைக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. கண்ணாடிப் பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்து, "அவரு அன்னிக்கு என்ன பேசினாரு?" என்று கேட்டாள். காற்றைப் பற்றிப் பேசினார் என்று சொன்னேன். பிறகு, "எதுக்குன்னு நீ அவர்கிட்ட கேட்டியா, ட்வைலா?" என்றாள்.

"கேக்கல" என்றேன்.

தலையை ஆட்டினாள். "நானுந்தான் கேக்கல. டிசம்பர்லேர்ந்தே அவரு சரியா தூங்கல. நானுந்தான் கேக்கல" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் நான் கடையில் யாரிடமும் எதற்கு என்று கேட்டதில்லை. கேட்டால் வருகிறவர்களுக்குக் கோபம் வரும் என்று ஓடெல் நினைக்கிறார். கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அவ்வளவுதான். இப்போது உன் கடிதம் வந்திருக்கிறது. முப்பத்தொரு வருடமாக எனக்குத் தெரிந்தவள் நீ. உன்னிடமும் கேட்காமல் இருந்தால் நான் மனுஷியில்லை.

நடீன், நீ யாருக்குப் பயந்து அதை வாங்குகிறாய்? யாருக்கும் பயமில்லையென்றால், நீ சாக நினைக்கிறாயா?

எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பேனாவை அந்த வரிமேல் வைத்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. தப்பாக நினைத்திருந்தால் என்னைத் திட்டி எழுது. எவ்வளவு நீளமாகத் திட்டுகிறாயோ அவ்வளவுக்கு நல்லது. நான் நினைத்தது சரியென்றால் அதையும் எழுது. எதைச் சொன்னாலும் நான் முகம் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

திங்களிலிருந்து பதினோரு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறது. இருபத்தோராம் தேதிக்குள் உன்னிடமிருந்து ஒரு வரியாவது வராவிட்டால் உங்கள் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்து உன் கதவைத் தட்டச் சொல்வேன். கோபம் வந்தால் வரட்டும்.

உன் பதிலைத் தவிர இப்போது வேறெதுவும் வேண்டாத,
ட்வைலா

*

சால்ட் வெல்ஸ், நெவாடா
17 அக்டோபர் 1996

ட்வைலாவுக்கு,

ஷெரிஃப் ஆளை அனுப்பாதே. இங்கே வாசலில் கார் சத்தம் கேட்டாலே கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நான் துப்பாக்கி கேட்டால் நீ என் உள்ளே கையை விட்டிருக்கிறாய். கிழித்துப் போட எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் அதை வாங்கியாகிவிட்டது. உனக்குக் கடிதம் போட்ட மூன்றாம் நாளே. உன் பதில் வரும் வரை பொறுக்க முடியவில்லை. இங்கே காத்திருப்பு நாள் கிடையாது. கடைக்காரர் யாருக்கோ போன் செய்து என் பெயரைச் சொன்னார், சரி என்றார்கள், கையில் கொடுத்துவிட்டார். அதற்கு முன் மூன்று ரிவால்வரைத் துணிமேல் வரிசையாக வைத்து, "எது பிடிச்சிருக்கும்மா?" என்று கேட்டார். நல்ல மனிதர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுன்னாலும் சரிங்க." உறை வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். உன் கடிதத்தில் அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன. யாரோ எனக்குப் பக்கத்தில் நின்று கேட்டு எழுதிய மாதிரி இருந்தது. அதனால்தான் உட்கார்ந்தேன்.

உன் கேள்விகளுக்குப் பதில். யாருக்கும் பயமில்லை. இரண்டாவதற்கு, ஆமாம். இன்றைக்கும் நினைக்கிறேனா என்றால், காலையில் இல்லை, பிற்பகல் ஆனால் தெரியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

மெர்லைப் பற்றி எழுத வரும். எழுதுகிறேன். நீ சவ அடக்கத்துக்கு வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் அவர் அமைதியாகப் போனார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

சலவை இயந்திரம் கெட்டுப்போயிருந்தது. அன்று காலை படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருக்கிற சலவைக்கடைக்குக் கிளம்பினேன். சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் விழுங்கிய தூசியோடு அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். உங்களைத் தனியாக விட்டுப் போகட்டுமா என்றேன். "போய்ட்டு வாடி. நான் எங்க போகப் போறேன்?" என்று சிரித்தார்.

சலவைக்கடையில் ஒரு பெண். வயோமிங்காரி. டாக்கெட்டுக்கு அடுத்த ஊர். நம் பள்ளிக்கூடம்கூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மருந்து, குழாய், டாக்டர் இல்லாத பேச்சு. விரிப்புகள் உலர்ந்து முடிந்த பிறகும் அவளோடு உட்கார்ந்து காபி குடித்தேன். நாற்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன், ட்வைலா. பார்த்துவிட்டு இன்னொரு காபி வாங்கினேன்.

திரும்பி வந்தபோது விரிப்புகளில் சூடு முழுக்கப் போகவில்லை. அவர் போயிருந்தார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. என் கார் வருகிற பாதை தெரிகிற ஜன்னல்.

நீ எங்கே போயிருந்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்காததால் அது உள்ளேயே கிடந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் தொலைபேசியின் மணி கேட்காதபடி அதைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டேன். நீ பதினோரு முறை கூப்பிட்டது எனக்குத் தெரியாது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பாய் என்று தெரியும். அது என் வீட்டில் இல்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, குண்டுகளைத் தனியாக, அதைத் தனியாகத் துணியில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பன்னிரண்டு மைல் ஓட்டிக்கொண்டு டொமிங்கோ வீட்டுக்குப் போனேன். செம்மறியாடு மேய்த்த கிழவர், மெர்லோடு சீட்டாட வருவாரே, அவர். நடுவழியில் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கதவைத் திறந்தார். துணிச்சுருளை நீட்டினேன். "இத வச்சுக்கங்க. நான் கேட்டாலும் தராதீங்க" என்றேன். பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். எப்போது சாப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அவரைக்காயும் ஆட்டிறைச்சித் துண்டுமாக ஒரு கிண்ணம் வைத்தார். உப்பு அதிகம். முழுவதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு சலவைக்கடையைப் பற்றி அவரிடம் சொன்னேன். முதன்முதலாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன். நான் கிளம்பும்போது, "என்னிக்கு வேணும்னாலும் வா, கிண்ணம் இருக்கும். அந்தப் பெட்டியில இருக்கறதுக்காக மட்டும் வராத" என்றார். பிறகு யோசித்து, "தனியா ஏம்மா போற? என் தங்கச்சி ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்றார். நேற்றிலிருந்து அந்த அறையில்தான் இருக்கிறேன். இங்கிருந்துதான் எழுதுகிறேன். பகலில் போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டு வருகிறோம். நாளைக்கு என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறாராம். போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

டொமிங்கோவின் எண் பின்பக்கம் இருக்கிறது. அவரிடம் பேசு. என்னைக் கூப்பிடச் சொல்லாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது. எழுது.

நீ அந்த வரியை அடிக்காமல் விட்டதற்கு நன்றியுடன்,
நடீன்

*

டாக்கெட், வயோமிங்
22 அக்டோபர் 1996

என் நடீனுக்கு,

உன் கடிதம் நேற்று, நான் சொன்ன கெடு நாளில் வந்தது. காலையிலிருந்து ஷெரிஃப் எண்ணை எழுதிய சீட்டைக் கல்லாமேசையில் வைத்துக்கொண்டு தபால்காரருக்காகக் காத்திருந்தேன். கடையில் வைத்தே படித்தேன். துப்பாக்கியின் குறிக்கண்ணாடி சரிபார்க்க வந்த இரண்டு வேட்டைக்காரர்கள் எதிரில் நின்றிருந்தார்கள். நான் அழுவதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள், பாவம், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து. "யாரும் சாகல, யாரும் சாகல" என்று சொல்லிக்கொண்டே இன்னும் அழுதேன்.

உடனே டொமிங்கோவைக் கூப்பிட்டேன். நடீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இங்கதான் இருக்கா. நான் வச்ச அவரைக்காயில உப்பு ஜாஸ்தின்னு ஆறாவது நாளா சொல்லிக்கிட்டிருக்கா" என்றார். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார். பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டேன். தன் கழுத்துச் சங்கிலியில் என்றார். அந்த மனிதருக்கு நான் ஒரு முத்தம் கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்.

உன் நாற்பது நிமிடத்தைப் பற்றி, அது உன் தப்பில்லை என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ நம்ப மாட்டாய். என்னிடம் ஐந்து நாள் இருக்கிறது. அந்த மனிதர் படிவம் நிரப்பிவிட்டுப் போனதிலிருந்து திரும்பி வந்து நின்றது வரை. அந்த ஐந்து நாளில் நான் இரண்டு முறை அவர் வீட்டைத் தாண்டிக் கார் ஓட்டிப் போனேன். உன்னுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். அதைக் கடிதத்தில் செய்ய முடியாது.

இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். உனக்கு அந்தக் கேள்வியை எழுதிப் போட்ட பிறகு, கடையில் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மறுநாள் ஓடெலிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "கேட்டா கோவிச்சுக்குவாங்க" என்றார். "கோவிச்சுக்கிட்டாங்கன்னா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம்" என்றேன். "சரி, இனிமே கேப்போம்" என்றார்.

முதல் ஆள் மாட்டுப்பண்ணைக்காரர் பர்ல். சின்ன ரிவால்வர் எதற்கு என்று கேட்டதும், "நீ துப்பாக்கி விக்கிறியா, பாவமன்னிப்பு குடுக்கறியா?" என்று கத்தினார். வேலி போடும்போது பாம்பு வருகிறதாம், அதற்காம். கத்திக்கொண்டே கால் மணி நேரம் பாம்புக் கதை சொன்னார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெளியூர். சின்னதாக ஒன்று காட்டுங்கள் என்றாள். எடுத்து வைத்தேன், தொடவில்லை. "எதுக்கும்மா வேணும்?" என்றேன். கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "உனக்கே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?" என்றேன். உனக்கு எழுதியதால்தான் அந்தச் சொற்கள் என் வாயில் வந்தன. அவள் திரும்பி நடந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஓடெல் அந்த முழங்காலோடு ஓடினார், நடீன். கையில் அவர் காபிக் கோப்பை. அவள் வண்டியைக் கிளப்புவதற்குள் ஜன்னலைத் தட்டி, "இன்னும் வாய் வைக்கலம்மா, சூடாத்தான் இருக்கு, குடிச்சிட்டுப் போ" என்றிருக்கிறார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததாம். உள்ளே வந்தாள். இரண்டு மணி நேரம் இருந்தாள். அவள் அக்காவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டோம். அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அவள் படிவம் எதையும் நிரப்பவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அந்த மனிதரின் மனைவியை அவள் வீட்டில் போய்ப் பார்த்தேன். அவள் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. இப்போது கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கதவிலேயே நின்று கேட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இனி நம் விஷயம். ஓடெல் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்திருக்கிறார். வேட்டைக் காலத்தில் விடுப்பு என்றால் அவர் எவ்வளவு பெரிய மனது வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள். கேட்காமலே கொடுத்தார். வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏறுகிறேன். சால்ட் லேக்கில் மாறி, சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு உங்கள் ஊர் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் இறங்குவேன். இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் போடுகிறேன், அதற்கு முன் வந்துவிடும். உன் குரலைக் கேட்டால் பேச முடியாது என்கிறாய். பேச வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன், நீ கேள். எனக்கு அது புதிதில்லை.

வரும்போது இலவங்கப்பட்டை ரொட்டியும் மான் தொடை இறைச்சியும் கொண்டு வருகிறேன். டொமிங்கோவை உப்பு போடாமல் இருக்கச் சொல். உன் சலவை இயந்திரத்தை யாராவது பழுது பார்த்தார்களா என்று தெரியவில்லை. பார்க்கவில்லையென்றால் துணிகளை அப்படியே போட்டு வை. நாம் சலவைக்கடைக்குப் போவோம். நீயும் நானும். உலர்ந்த பிறகும் உட்கார்ந்திருப்போம்.

வழியில் பனி விழுந்தால் பேருந்து தாமதமாகலாம். ஒரு மணி நேரமோ, நாலு மணி நேரமோ. யாரும் வரவில்லையென்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. பிற்பகல் ஆனாலும் போய்விடாதே. நான் கிளம்பியாகிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள். ஆண்டவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நான் படியிறங்கும்போது நீ அங்கே நிற்க வேண்டும், நடீன். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்காகக் காத்திரு.

உன்,
ட்வைலா